தோன்றா நிழல்: இணையப் பக்க வடிவமைப்பிற் பிழை காணும் நெறி

ஒளியும் அதனை மறிக்கும் பொருளும் உள்ளவிடத்து நிழல் தானே உண்டாகும். அதனை ஒருவர் ஆக்க வேண்டுவதில்லை. வேண்டாவென்று விலக்கவும் இயலாது. கணினித் திரையில் எழும் நிழலோ இவ்வியல்புக்கு முற்றும் மாறானது. ஆங்கு ஞாயிறுமில்லை, விளக்குமில்லை, ஒளியை மறிக்கும் பருப்பொருளுமில்லை. இணையப் பக்கத்தில் ஒரு பெட்டியின் கீழோ ஓர் எழுத்தின் பின்னோ காணப்படும் நிழல், வடிவமைப்பவர் எழுதிய ஒரு வரிக் கட்டளைக்கிணங்க, பிரவுசர் எனப்படும் மேலோடி தீட்டிக் காட்டும் ஓவியமேயாகும். ஆகவே அந்நிழல் தோன்றாதொழியுமாயின், அல்லது வேண்டாத வடிவில் தோன்றுமாயின், அதற்குரிய காரணத்தை அக்கட்டளையிலும் அது நிறைவேறும் முறையிலுமே தேடுதல் வேண்டும். அத்தேடலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கை அறிந்தார்க்கு அது சிறு வேலை, அறியாதார்க்கோ பெருந்துன்பம்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என வடக்கிருந்து தெற்காக அமைந்த ஊர்கள், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் செறிந்து வாழ்வன. அவற்றினிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழூர்களும் உள. 1995 ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் உள்ளது. கல்விப் பொதுத் தராதர உயர்தர வகுப்பில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் பயில்வோர் வலைத்தள உருவாக்கத்தை ஓர் அலகாகக் கற்கின்றனர். வகுப்பறைக்குப் புறம்பே, கைத்தொலைபேசி ஒன்றையே துணையாகக் கொண்டு தாமே பயில்வாரும் உளர். இத்தகையோர்க்குப் பெட்டிகளை அடுக்குதலும் நிறமூட்டுதலும் விரைவிற் கைவருகின்றன. நிழலிடப் புகும்போது இடறுவார் பலர்.

இடறுதற்குக் காரணம் அவர்தம் அறிவுக் குறைவன்று. கணினி மொழிகள் பலவற்றில் ஒரு பிழை நேர்ந்தால், இன்ன வரியில் இன்ன பிழை என்று கணினி அறிவித்துவிடும். இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சீ.எஸ்.எஸ். எனும் அடுக்கு நடைத்தாளில் அவ்வறிவிப்பு பக்கத்தில் எழுவதில்லை. கட்டளை பிழையாயின், மேலோடி அதனை ஓசையின்றி விட்டுவிட்டு அடுத்த கட்டளைக்குச் செல்லும். மாணாக்கர் திரையிற் காண்பது நிழலில்லாத பெட்டியை மட்டுமே. அந்நிலையில் அவர், 10 என்று எழுதிய எண்ணை 50 ஆக்குவார். பிறரெழுதிய வரிகளை எடுத்து ஒட்டுவார். ‘இம்போர்ட்டன்ட்’ என்னும் வலியுறுத்துஞ் சொல்லை எல்லா வரிகளுக்கும் ஈற்றிற் சேர்ப்பார். தற்செயலாக நிழல் தோன்றினும் எதனாலே தோன்றியதென்பது அவர்க்கு விளங்காது. தோன்றாவிடின், இவ்வித்தை தமக்கு வாராதென்று கைவிடுதலும் உண்டு. ஒரு காற்புள்ளியின் பொருட்டு ஒரு தொழிலையே கைவிடுதல் எத்துணை இழப்பு என்பதை ஆசிரியர்கள் எண்ணுதல் தகும்.

மௌனத்தின் வரலாறு

இம்மௌனம் குறைபாடாகத் தோன்றினும், ஆழ்ந்த நோக்கத்துடன் வகுக்கப்பட்டதாகும். வையவிரிவலையைத் திம் பேர்ணர்ஸ்-லீ என்பார் 1989 ஆம் ஆண்டில் ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிலையத்தில் முன்மொழிந்தார். அங்குப் பணியாற்றிய நோர்வே நாட்டவராகிய ஹோக்கன் வியூம் லீ, 1994 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் அடுக்கு நடைத்தாள் என்னும் கருத்தை வெளியிட்டார். பேர்ட் பொஸ் என்பாருடன் அவர் உழைத்ததன் பயனாக, 1996 ஆம் ஆண்டு திசெம்பரில் அதன் முதற்படி விதிநூல் வெளிவந்தது. மேலோடி தனக்கு விளங்காத பண்பையும் பெறுமானத்தையும் புறக்கணித்துவிட்டு எஞ்சியவற்றை நிறைவேற்றல் வேண்டும் என்பது அந்நூலிலேயே விதிக்கப்பட்டது.

அவ்விதியின் பயனை நிழலின் வரலாறே நன்கு காட்டும். எழுத்துக்கு நிழலிடும் ‘டெக்ஸ்ட்-ஷடோ’ என்னும் பண்பு 1998 ஆம் ஆண்டின் இரண்டாம்படி விதிநூலிற் கூறப்பட்டது. ஆயினும் அதனைத் தீட்டவல்ல மேலோடி அன்று இல்லை. 2003 ஆம் ஆண்டில் சஃபாரி என்னும் மேலோடி அதனை மேற்கொண்டது. பெட்டிக்கு நிழலிடும் ‘பொக்ஸ்-ஷடோ’ என்னும் பண்பு பின்னர் மூன்றாம்படி விதிகளில் இடம்பெற்றது. இன்ரநெற் எக்ஸ்புளோரர் அதனை 2011 ஆம் ஆண்டிற் பெற்றது. இவ்விடைக்காலத்தில் நிழற்கட்டளை எழுதப்பட்ட பக்கங்களைப் பழைய மேலோடிகள் கண்டபோது, அவை அவ்வரியை மட்டும் விட்டுவிட்டு, நிழலின்றியே பக்கத்தைக் காட்டின. படிப்பார்க்குச் செய்தி கிடைத்தது, அணிமட்டுமே குறைந்தது. விளங்காத வரி கண்டவிடத்து மேலோடி முழுப் பக்கத்தையும் மறுத்திருக்குமாயின், புதிய பண்பெதனையும் ஒருவரும் துணிந்து எழுதியிரார். வலை வளர்ந்ததற்கு இம்மௌனம் பெருந்துணை புரிந்தது. படிப்பார்க்கு நன்மையாகிய அது கற்பார்க்குச் சுமையாயிற்று. மேலோடி கூறாததை மாணாக்கரே கேட்டறிதல் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

நிழலின் உறுப்புகள்

கேட்டறிதற்கு முன், சொற்களின் பொருளை அறிதல் இன்றியமையாதது. காரைதீவிற் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்ற விபுலாநந்த அடிகள் (1892–1947), விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தற்கு வேண்டிய கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்தவர். அவர் பிறந்த மண்ணை அடுத்து வாழும் மாணாக்கர், ஆங்கிலச் சொற்களைப் பொருளுணராது மந்திரம்போல் எழுதுதல் பொருந்தாது. பெட்டி நிழலுக்கு உறுப்புகள் ஐந்து. முதலாவது கிடைப்பெயர்ச்சி, இரண்டாவது நிலைக்குத்துப் பெயர்ச்சி, மூன்றாவது மங்கல், நான்காவது பரவல், ஐந்தாவது நிறம். இவற்றுடன், நிழல் பெட்டியின் உள்ளே விழல் வேண்டுமாயின் ‘இன்செற்’ என்னும் சொல் சேர்க்கப்படும். முதலிரண்டு அளவுகளும் கட்டாயமானவை. ஏனையவை விரும்பின் இடப்படுவன. கிடைப்பெயர்ச்சி நேரெண்ணாயின் நிழல் வலப்புறஞ் செல்லும்; எதிரெண்ணாயின் இடப்புறஞ் செல்லும். நிலைக்குத்துப் பெயர்ச்சி நேரெண்ணாயின் நிழல் கீழ்நோக்கிச் செல்லும். கணித வகுப்பில் நேரெண் மேல்நோக்கிச் செல்வதால், இவ்விடத்து மயங்குவார் உளர்.

கல்முனைக் கரையிலே காலை ஞாயிறு கடலிலிருந்து எழுகின்றது. வீட்டு மதிலின் நிழல் மேற்கே, நிலத்தை நோக்கி விழுகின்றது. வடக்கை மேலாக வைத்த படத்தில் அது இடப்புற நிழல். அஃதாவது எதிரெண் கிடைப்பெயர்ச்சி. மாலையில் அது நேரெண்ணாக மாறும். இனி, கல்முனை வட அகலாங்கு ஏறத்தாழ 7.4 பாகையில் அமைந்திருத்தலின், ஏப்ரல் மாதத் தொடக்கத்திலும் செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலும் ஞாயிறு நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும் நாள் வரும். அந்நேரத்தில் நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழல் காணப்படுவதில்லை. நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடுகின்றது. பெட்டி நிழலில் இரு பெயர்ச்சிகளும், மங்கலும், பரவலும் சுழியமாயின் நேர்வதும் ஏறத்தாழ இதுவே. நிழல் பெட்டியின் அளவாகவே அதன் நேர் கீழே அமைவதால் வெளியே ஒன்றுந் தெரியாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பெட்டியின் எல்லைக்குள் அடங்கும் நிழற்பகுதியை மேலோடி தீட்டாது வெட்டிவிடும். ஆகவே பெட்டியின் பின்னணியை ஒளிபுகவிட்டாலும் உள்ளே நிழல் காணப்படாது. எழுத்து நிழல் அவ்வாறு வெட்டப்படுவதில்லை.

மங்கல் என்பதன் இயல்பையும் இயற்கையிலிருந்தே உணரலாம். ஞாயிற்று வட்டம் வானில் ஏறத்தாழ அரைப் பாகை அகலங் கொண்டது. ஆதலின் நிழலின் விளிம்பு கூர்மையாக முடிவதில்லை. மறிக்கும் பொருள் நிலத்திலிருந்து 1 மீற்றர் தொலைவிலிருப்பின், விளிம்பு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அகலத்துக்கு மங்கும். 10 மீற்றர் தொலைவிலுள்ள தென்னங்கீற்றாயின் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றருக்கு மங்கும். பொருள் உயர உயர நிழல் விலகுவதுடன் மங்கலும் பெருகும். திரையில் ஒரு பெட்டி பக்கத்தினின்றும் உயர்ந்து நிற்பதுபோலத் தோன்றல் வேண்டின், பெயர்ச்சியும் மங்கலும் ஒருங்கே பெருகுதல் வேண்டும். பெயர்ச்சி பெரிதாயிருக்க மங்கல் சுழியமாயிருப்பின், அது நிழலாகத் தோன்றாது, வேறொரு நிறப்பெட்டியாகவே தோன்றும்.

நான்கு வினாக்கள்

நிழல் தோன்றாதவிடத்துக் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு. கட்டளை மேலோடியைச் சென்றடைந்ததா? சென்றடைந்தது விளங்கிக்கொள்ளப்பட்டதா? விளங்கிக்கொள்ளப்பட்டது வேறொரு கட்டளையால் வெல்லப்பட்டதா? வெல்லப்படாது தீட்டப்பட்ட நிழல் கண்ணுக்குப் புலனாகாது மறைந்துள்ளதா? இவ்வொழுங்கு மாறலாகாது. சென்றடையாத கட்டளையின் எண்களைத் திருத்துதல், அஞ்சலில் இடாத கடிதத்தின் எழுத்துப்பிழையைத் திருத்துதல் போலாம்.

முதல் வினாவுக்கு விடை காணும் வழி எளிது. நிழலிட விரும்பிய அதே பெட்டிக்கு, அதே இடத்தில், மஞ்சட் பின்னணி இடுக. மஞ்சள் தோன்றாவிடின் பிழை நிழலில் இல்லை. நடைத்தாட் கோப்பு பக்கத்துடன் இணைக்கப்படாதிருக்கலாம். கோப்பின் பெயர் மாறியிருக்கலாம். மேலோடி முன்பு சேமித்த பழைய கோப்பையே காட்டலாம். கைத்தொலைபேசியில் எழுதுவோர்க்கு மற்றுமோர் இடர் உண்டு. விசைப்பலகை முதலெழுத்தைத் தானாகவே ஆங்கிலப் பேரெழுத்தாக்கிவிடும். வகுப்புப் பெயர்களிற் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படுதலின், பெட்டியின் பெயரும் கட்டளையின் பெயரும் பொருந்தாது போகும்.

மஞ்சள் தோன்றியும் நிழல் தோன்றாவிடின், இரண்டாம் வினாவுக்குச் செல்லல் வேண்டும். எழுதியிருந்த நிழல் வரியை ஒதுக்கிவிட்டு, வலப்புறம் 20 பிக்சல், கீழே 20 பிக்சல், மங்கல் சுழியம், நிறம் சிவப்பு என ஒரு முரட்டு நிழலை எழுதுக. சிவப்பு தோன்றுமாயின், பெட்டி குற்றமற்றது. முன்னைய வரியே பிழையுடையது அல்லது அதன் நிறம் கண்ணுக்குப் புலனாகாதது. வரியின் பிழைகளுட் பெருவழக்கானவை சில. சுழியந் தவிர்ந்த எண்ணுக்கு அலகு இடாதுவிடுதல் ஒன்று. எண்ணுக்கும் அலகுக்கும் இடையே வெளி விடுதல் மற்றொன்று. அளவுகளுக்கிடையே காற்புள்ளி இடுதல் இன்னொன்று. காற்புள்ளி ஒரு நிழலையும் அடுத்த நிழலையும் பிரிக்கும் குறியேயன்றி, ஒரு நிழலின் அளவுகளைப் பிரிக்குங் குறியன்று. மங்கலுக்கு எதிரெண் இடுதல் விதிக்கு மாறானது. பரவலுக்கு எதிரெண் இடலாம். எழுத்து நிழலுக்குப் பரவல் என்னும் உறுப்பு மூன்றாம்படி விதியில் இல்லை. பெட்டி நிழலின் வரியை அப்படியே எழுத்துக்கு எடுத்து ஒட்டுவோர் நான்காம் அளவையும் உடன்கொண்டு செல்வதனால், வரி முழுவதும் தள்ளுண்டு போகின்றது.

மேலும், முந்திய கூற்றின் ஈற்றில் அரைப்புள்ளி விடுபட்டால், அதுவும் நிழற்கூற்றும் ஒன்றாகக் கலந்து இரண்டும் கெடும். பிழையற்ற வரி பிழைபடுவதற்கு இதுவே காரணமாதல் உண்டு. சொற்செயலி வழியே எடுத்து ஒட்டப்பட்ட வரிகளிற் சிறுகோடு நீண்ட கோடாக மாறியிருத்தலும் உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் அவை மேலோடிக்கு வெவ்வேறாம். பழைய பாடக்குறிப்புகளில் ‘மோஸ்’ என்னும் முன்னொட்டுடன் எழுதப்பட்ட நிழல் வரியை மட்டும் எடுத்து எழுதினால், இன்றைய ஃபயர்ஃபொக்ஸ் அதனைப் பொருட்படுத்தாது.

மூன்றாம் வினா அடுக்கு என்னும் பெயரின் பொருளைத் தழுவியது. ஒரே பெட்டிக்கு ஒரே பண்பைப் பல கட்டளைகள் வகுக்குமாயின், அவை ஒன்றோடொன்று கூடுவதில்லை, ஒன்றே வெல்லும். வலிமை ஒத்தவற்றுட் பின்வந்தது வெல்லும். இரு நிழல்களை வேண்டி இரு வரிகளாக எழுதியவர் இரண்டாவதை மட்டும் காண்பது இதனாலேயே. அவ்விரண்டையும் ஒரே வரியிற் காற்புள்ளியாற் பிரித்து எழுதுதல் வேண்டும். முதலில் எழுதப்பட்டது மேலே அமையும். அவற்றுள் ஒன்று பிழையாயினும் வரி முழுவதும் தள்ளப்படும். கணினியிற் பயில்வோர் மேலோடியின் சோதனைப் பலகத்தைத் திறப்பின், தோற்ற வரியும் பிழைபட்ட வரியும் குறுக்குக் கோடிடப்பட்டிருத்தலைக் காணலாம். பக்கத்திற் கூறாத பிழையை மேலோடி அங்கே ஒப்புக்கொள்கின்றது. அப்பலகத்தைத் திறக்கக் கற்பித்தல், நிழல்கள் நூறு கற்பித்தலினும் சிறந்தது.

மறைந்த நிழல்

நான்காம் வினாவே நுட்பமானது. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர்ச் சேலைகளையும் சாரங்களையும் காட்டும் பக்கமொன்றை ஒரு மாணாக்கர் அமைப்பதாகக் கொள்ளலாம். ஒவ்வொரு சேலையின் படமும் ஒரு பெட்டியில் அமைகின்றது. கைத்தொலைபேசியில் விரலால் தள்ளிப் பார்த்தற்கு ஏற்றவாறு, பெட்டிகள் யாவும் பக்கவாட்டில் நகரும் ஒரு வரிசையில் அடக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெட்டிக்கும் வலப்புறம் 6, கீழே 4, மங்கல் 10, பரவல் சுழியம் என நிழல் எழுதப்பட்டுள்ளது. மஞ்சட் சோதனையும் தேறியது. சிவப்புச் சோதனையில் வலப்புற நிழல் தோன்றியது, கீழ் நிழல் தோன்றவில்லை.

காரணம் தாய்ப்பெட்டியாகிய வரிசையே. ‘ஓவர்ஃப்ளோ’ என்னும் பண்பினால் வரிசை பக்கவாட்டில் நகர விடப்பட்டபோது, மேல் கீழ்த் திசைகளிலும் அது தன் எல்லையைக் கடப்பனவற்றை வெட்டத் தொடங்குகின்றது. நிழல் இடம் பிடிப்பதில்லை. பெட்டியின் அளவைக் கூட்டுவதுமில்லை. ஆதலின் அதற்கென வரிசை இடம் விடாது, நகர்த்திப் பார்க்கவும் இடம் தராது, வெட்டிவிடும். ஒரு பெட்டி தனக்கே இட்டுக்கொண்ட ‘ஓவர்ஃப்ளோ’ அதன் சொந்தப் புறநிழலை வெட்டுவதில்லை என்பதும், தாய்ப்பெட்டியினதே வெட்டும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. பெட்டியைத் தற்காலிகமாகத் தாய்ப்பெட்டியினின்றும் வெளியே எடுத்துவைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். வெளியே வந்ததும் நிழல் முழுமையாகத் தோன்றுமாயின், குற்றம் தாயினது.

பரிகாரம் கணக்கிட்டுச் செய்யத்தக்கது. மங்கல் 10 எனில் நிழல் தன் விளிம்பிலிருந்து எப்பக்கமும் ஏறத்தாழ 10 பிக்சல் வெளியே பரவும். அதனுடன் பெயர்ச்சியைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், நிழல் வலப்புறம் 16, இடப்புறம் 4, கீழே 14, மேலே 6 பிக்சல் வரை செல்லும். வரிசையின் உட்புறத்தில் நாற்புறமும் 16 பிக்சல் இடைவெளி விட்டால் எதுவும் வெட்டுண்ணாது. அளவை ஊகித்து ஏற்றியும் இறக்கியும் பார்ப்பவர்க்கும், இவ்வாறு கூட்டிக் கழித்துக் காண்பவர்க்கும் உள்ள வேறுபாடே கல்வியின் பயன்.

வெட்டுண்ணாத நிழலும் மூடுண்ணலாம். வரிசையின் கீழே வெள்ளைப் பின்னணியுடன் அமைந்த அடுத்த பகுதி, பின்னர்த் தீட்டப்படுவதால், முன்னதன் நிழலை மறைக்கும். தறியில் ஊடிழை பாவிழையின் மேற்செல்லுமிடத்துப் பாவிழை அறுபட்டதில்லை, மறைந்ததே, அதுபோன்றதே இதுவும். இதனைத் திருத்த ‘இசட்-இன்டெக்ஸ்’ என்னும் அடுக்கெண்ணைக் கூட்டுவோர் பலர். நிலைப்படுத்தப்படாத சாதாரணப் பெட்டிக்கு அவ்வெண் 9999 ஆயினும் பயன் தராது. ‘பொசிஷன்’ பண்பினை ‘ரிலேற்றிவ்’ என வகுத்த பின்னரே அவ்வெண் உயிர்பெறும். உள்நிழலோ பெட்டியின் பின்னணிக்கு மேலும் உள்ளடக்கத்துக்குக் கீழும் அமைவது. பெட்டி முழுதும் ஒரு படம் நிறைந்திருப்பின் உள்நிழல் படத்தின் கீழ் மறையும்.

பின்னணி நீக்கப்பட்ட படத்துக்குப் பெட்டி நிழலிட்டால், சேலையின் உருவைச் சுற்றாது நாற்கோணமாக நிழல் விழும். பெட்டி நிழல் பெட்டியையே அறியும், படத்தை அறியாது. உருவைத் தழுவிய நிழல் வேண்டின் ‘ஃபில்ற்றர்’ பண்பின் ‘டிரொப்-ஷடோ’ என்னும் முறையைக் கையாளுதல் வேண்டும். அதற்குப் பரவலுமில்லை, உள்நிழலுமில்லை.

இறுதியாக நிறம். நிறம் குறிக்கப்படாவிடின், நிழல் பெட்டியின் எழுத்து நிறத்தையே பெறும். வெண்ணிற எழுத்துக் கொண்ட பெட்டியின் நிழல் வெள்ளைப் பக்கத்தில் வெண்ணிறமாகவே விழுந்து மறையும். கரிய பின்னணியிற் கரிய நிழலும் அத்தகையதே. நூற்றுக்கு ஐந்து செறிவுள்ள மெல்லிய சாம்பல் நிழல், அறைக்குள் நல்ல திரையிற் புலப்படினும், கடற்கரை வெயிலில் விலைகுறைந்த தொலைபேசியிற் புலப்படாது. வடிவமைப்பவர் கண்ட திரையிலேயே எல்லாரும் காண்பதில்லை.

தமிழெழுத்தும் நிழலும்

எழுத்துக்கு நிழலிடுமிடத்துப் பிழை வேறுவகையாக எழுகின்றது. அங்கு நிழல் தோன்றாமையைவிடத் தோன்றுதலே தீங்காதல் உண்டு. தமிழ் எழுத்தில் மெய்க்கு அடையாளம் புள்ளி என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் மரபு. பனையோலையிற் புள்ளி இடுவது அருகிய காலத்தில், மெய்யும் உயிர்மெய்யும் மயங்கி, படிப்போர் இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டியிருந்தது. இன்று அச்சும் கணினியும் அப்புள்ளியை மீட்டுத் தந்துள்ளன. சிறிய எழுத்துக்கு 4 பிக்சல் மங்கலுடன் கரிய நிழலிடுவோர், அப்புள்ளியையும் எழுத்தின் உடலையும் ஒரே கறையாக்கிவிடுகின்றனர். ‘கல்’ என்பது ‘கல’ எனத் தோன்றும். ணகர னகரங்களின் சுழிகளும் நிரம்பி ஒன்றையொன்று ஒக்கும். ஆங்கில எழுத்துக்கு ஏற்ற அளவுகளை அப்படியே தமிழுக்கு எடுத்தாளுதல் இதனாற் பொருந்தாது. நிழல் வேண்டின், பெரிய தலைப்புக்கு மட்டும், சிறு பெயர்ச்சியும் வெளிர் நிறமுமாக இடுதல் அமையும்.

கட்புலன் குறைந்தோரையும் கருதுதல் வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டுமென, 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த இணைய அணுகுதகைமை வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு ஒரு படிநிலையில் விதித்துள்ளது. படத்தின்மேல் எழுத்தெழுதி, நிழலை நம்பி அவ்வேறுபாட்டைப் பெற முயல்வோர் உளர். ஆயின் கட்புலன் குறைந்தோர் தம் கணினியில் உயர் வேறுபாட்டு நிறமுறையைத் தெரிந்துகொள்ளுமிடத்து, மேலோடி பெட்டி நிழலையும் எழுத்து நிழலையும் நீக்கிவிடும். விசைப்பலகையால் நகர்வோர்க்கு, எந்தப் பொத்தானில் நிற்கின்றனர் என்பதை நிழலால் மட்டும் காட்டிய பக்கம், அவர்கட்கு வழிகாட்டாது போகும். நிழல் இல்லாதபோதும் பக்கம் தன் பொருளை உணர்த்தவல்லதாயிருத்தல் வேண்டும். நிழலை அணியாகக் கொள்க, ஆதாரமாகக் கொள்ளற்க.

இதுகாறுங் கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனின், தோன்றாத நிழல் காரணமின்றித் தோன்றாதிருப்பதில்லை என்பதும், அக்காரணம் நான்கு வினாக்களுக்குள் அடங்கும் என்பதுமாம். சென்றதா, விளங்கியதா, வென்றதா, மறைந்ததா என ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை செய்து செல்பவர்க்கு மேலோடியின் மௌனம் அச்சந் தருவதில்லை. கற்பிப்போர் இவ்வினாக்களை வகுப்பறைச் சுவரில் எழுதிவைப்பாராயின், கைத்தொலைபேசி ஒன்றுடன் தனித்துப் பயிலும் மாணாக்கரும் அவற்றை மனத்திற் கொண்டு செல்வர். அவர்க்குப் பக்கத்தில் ஆசிரியர் இல்லாத வேளையிலும், கேட்கத் தெரிந்த வினா உடனிருக்கும்.